முதல் மாடிக் கொழுந்தியாள்

என் கொழுந்தியாள் எனக்குப் பதினாறு மாத வாடகை பாக்கி வைத்திருந்தாள். மாதம் பன்னிரண்டாயிரம் வீதம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். கால்குலேட்டர் தட்டாமல் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் கூட்டல் பெருக்கலில் இதுவரை எந்தப் பட்டதாரியும் என்னை மடக்கியதில்லை.

இருபதடி இரும்புக் குழாயைத் தோளில் வைத்துத் தெருத்தெருவாக நடந்தவன் இன்று சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே என் குழாய்க்கடை. வாஷரிலிருந்து வெந்நீர் ஷவர் வரை எது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். இரண்டாவது மாடியில் நானும் என் வீட்டுக்காரியும். நடுவில், தெருவைப் பார்த்த நீள ஜன்னலோடு இருக்கிற முதல் மாடியில் இவள். முதல் மாடிதான் ஒரு கட்டடத்துக்குச் சதை, மற்றதெல்லாம் எலும்பு. இதில் ஒரு செங்கல்லுக்குக்கூட யாரும் எனக்கு உதவியதில்லை. கொடுத்தவர் இல்லை, தூக்கிவிட்டவர் இல்லை. ஒற்றை ஆளாக வந்தேன்.

அவள் படித்த படிப்பு க்ளினிக்கல் சைக்காலஜி. அதைத் திக்காமல் சொல்ல எனக்கு மூன்று வருடம் பிடித்தது. ஊசி போட மாட்டாள், மாத்திரை எழுத மாட்டாள், ஆனாலும் ஊரெல்லாம் டாக்டரம்மா என்று கூப்பிடும். ஒரு தடவை வயிற்றுவலிக்கு அவளிடம் போய் நின்றேன். அந்த டாக்டர் நான் இல்லை என்றாள். அப்படியானால் எந்த டாக்டர் என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் விளக்கி முடிப்பதற்குள் வலி தானாகவே நின்றுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறையில் பதினேழு வருடம் வேலை பார்த்தாள். வருகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, படம் காட்டி, மனம் எப்படி இருக்கிறது என்று மார்க் போடுகிற வேலை. நிம்மதியான வேலை, முதல் தேதி சம்பளம். அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு கவுன்டர் இருந்தது. இறந்தவர்களுடைய சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடியைப் பையில் போட்டுச் சொந்தக்காரர்களிடம் கொடுக்கிற இடம். குமாஸ்தா கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று காகிதத்தில் கையெழுத்து வாங்குவார். பையைத் தள்ளுவார். அவ்வளவுதான். இவள் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நிற்க ஆரம்பித்தாள். ஒரு வருடம் சும்மா நின்றாள். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த நாற்காலிதான் வினை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உட்காரச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி அங்கலாய்த்தாளாம். மேலதிகாரி கூப்பிட்டு, இது உங்கள் வேலை இல்லை என்றார். அப்படியானால் யாருடைய வேலை என்று கேட்டு இவள் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். இரண்டு வருடம் எழுதினாள். கடைசியில் ராஜினாமாவையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்னும் மூன்று வருடம் பல்லைக் கடித்திருந்தால் முழு பென்ஷன். மூன்றே வருடம். நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் கணக்கெழுதும் வேலை செய்கிறவர், வாய் திறக்காத மனிதர், அவரிடமும் சொன்னேன். அவர் டீயை ஊதிக் குடித்தார்.

அப்படித்தான் என் முதல் மாடிக்கு வந்தாள். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது ஒரு வேலை, அந்த வேலையைச் செய்ய மற்றவர்களைப் பழக்குவது இன்னொரு வேலை. பக்கத்துப் பூட்டுக்கடைக்காரருக்கு அன்று பிடித்தது சந்தோஷம். "உங்க கட்டடத்துல கீழ தண்ணிக் குழாய், மேல கண்ணீர்க் குழாய்" என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் எந்த வியாபாரிக்கும் ரத்தம் கொதிக்கும். அறையில் இரண்டு நாற்காலி. நேருக்கு நேர் போட மாட்டாள், கடிகாரத்தில் பத்து பத்து ஆகும்போது முள் நிற்குமே, அப்படிச் சாய்த்துப் போடுவாள். துடைக்கிற காகிதப் பெட்டி வந்தவருக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். எடுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் போதும் அழுதது என்று அர்த்தமாகிவிடுமாம். சுவரில் ஒரு பெரிய காலண்டர், அதில் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கும். ஒவ்வொரு வட்டமும் யாரோ ஒருவர் இறந்து மூன்று மாதம் முடிகிற நாள். இறந்த அன்று நூறு பேர் வருவார்கள். மாதம் ஒன்று போனால் நாலு பேர். மூன்றாம் மாதம் பால்காரர்கூடப் பழைய பாக்கிக்காகத்தான் கதவைத் தட்டுவார். அந்த நாளில் இவள் போன் போடுவாள். சில பேர் ஒரு மணி நேரம் பேசுவார்கள், சில பேர் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள், இவளும் சும்மா இருப்பாள். சும்மா இருப்பதற்கும் போன் கம்பெனிக்காரன் பில் போடுகிறான் என்று சொன்னேன். சிரித்தாள்.

காசு கேட்க மாட்டாள். நாமே போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டு நாமே பில்லை நீட்டுவது எப்படி என்பாள். அதனால் வருமானம் என்றால் பயிற்சிக்கு வருகிறவர்கள் கட்டுகிற கட்டணம்தான். ஒரு தொகுதிக்கு எட்டுப் பேர். நர்சுகள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர், இரண்டு டீச்சர்கள், இப்படி. ஆறு மாதம் பாடம், பிறகு பரீட்சை. அதில் பாதிப் பேரைத் தோற்கடித்துவிடுவாள். தோற்றவர்களுக்கு அடுத்த ஆறு மாதம் இலவசம். கசிகிற குழாயைக்கூட நான் ஒரு தடவைதான் மாற்றிக் கொடுப்பேன்.

ஒரு நாள் அவர்கள் கழிப்பறையில் வால்வு மாற்றப் போயிருந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. காதில் விழுந்தது. "யாரும் ஆறுதல் சொல்லாதீங்க. ஆறுதல் சொன்னா யாருக்கு ஆறுதல்? சொல்றவங்களுக்கு. கேக்கறவங்களுக்கு இன்னும் ஒரு வேலை, உங்களுக்குத் தலையாட்டணும்." ஆறுதல் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்த ஆறு மாதம், அதற்கு என் ஜன்னல், என் மின்விசிறி, என் தண்ணீர். ஸ்பேனரை வேகமாகத் திருகியதில் புது வால்வின் மரையே போய்விட்டது.

பதினாறாவது மாதம் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஒருவன் வந்தான். அவனை நாங்கள் தண்டால் என்போம். மாதம் இருபதாயிரம் வாடகை, மூன்று மாத முன்பணம் கையோடு. அறுபதாயிரத்தை எண்ணி வாங்கினேன். மேலே போய், மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று இவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள், அழுவாள், அக்காவைக் கூப்பிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். "சரி அத்தான்" என்றாள். தயாரித்த பதிலையெல்லாம் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இறங்கினேன். இரவு என் வீட்டுக்காரி தட்டை வைத்த சத்தம் பூட்டுக்கடை வரை கேட்டிருக்கும்.

அந்த வாரமே லாரி முதலாளி என் கடைக்கு வந்தார். நாற்பது லாரி ஓடுகிறது அவருக்கு. அவர் மகன் இவளிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவன். மகன் பாஸாகிவிட்டால் இவள் பயிற்சி வகுப்புக்கு இரண்டு லட்சம் நன்கொடை தருவதாகச் சொன்னார். எனக்குத் தலைக்குள் கணக்கு மின்னல் மாதிரி ஓடியது. பாக்கி தீரும், எட்டாயிரம் மிஞ்சும், இவள் கொஞ்சம் வாடகை கூட்டிக் கொடுத்து இங்கேயே இருக்கலாம், தண்டாலுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், என் வீட்டில் தட்டு சத்தமில்லாமல் வரும். ஒரு கையெழுத்து, எல்லோருக்கும் லாபம்.

மேலே ஓடினேன். போட்டுத் தொலை என்றேன். கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் முடிவு தன்னுடையது இல்லை என்றாள். அங்கேதான் அவளுடைய பரீட்சை முறை எனக்குத் தெரிந்தது. கேட்டால் நீங்களும் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

பரீட்சைக்கு மூன்று பேரை வெளியிலிருந்து கூப்பிடுவாளாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. உங்களுக்கு இன்னார் இறந்து இத்தனை மாதம் என்று அதில் எழுதியிருக்கும். அவர்கள் துக்கக்காரராக உட்கார வேண்டும், படிக்கிறவர் ஐம்பது நிமிடம் பேச வேண்டும். முடிந்ததும் உட்கார்ந்தவர் கையில் ஒரு தாள் கொடுப்பாள். அதில் ஒரே ஒரு கேள்வி. இவரிடம் இன்னொரு தடவை வருவீர்களா? ஆம் அல்லது இல்லை. மூன்று பேரில் இரண்டு பேர் ஆம் என்றால் பாஸ். அந்தத் தாளை இவளே நினைத்தாலும் மாற்ற முடியாது. பதினேழு வருடம் மார்க் போட்டவள் மார்க்கையே தூக்கி எறிந்துவிட்டு, வீதியில் போகிறவர் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறாள்.

லாரிக்காரர் மகனுக்கு மறுபரீட்சை. தபால் ஆபீஸ் அம்மா ஆம் என்று போட்டுவிட்டார். தையல்காரர் இல்லை என்று போட்டுவிட்டார். மூன்றாவதாக வர வேண்டிய ஓய்வுபெற்ற கண்டக்டர் அன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அந்தக் குளியலறைக்கு என் கடையில் ஒரு திருகாணிகூட வாங்கியதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் உட்காருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அத்தான். உங்களுக்கு இதுல காசு இருக்கு."

"அந்தப் பையனோட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. உன் விதியில என்ன இருக்கு? முன்னபின்ன பழக்கம் இல்லாதவங்க யார் வேணாலும் உக்காரலாம்னுதானே?"

விதி என்றால் அவள் மீற மாட்டாள். சீட்டை நீட்டினாள். அண்ணன் இறந்து மூன்று மாதம். இருவரும் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. என் வீட்டில் நான்தான் மூத்தவன். அண்ணன் என்று ஒருத்தன் எனக்குக் கிடையாது. அதனாலென்ன, பொய் சொல்லி ஆம் என்று போடத்தானே போகிறேன்.

உட்கார்ந்தேன். அந்தச் சாய்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரைப் பார்க்கவும் செய்யலாம், ஜன்னலைப் பார்க்கவும் செய்யலாம். லாரிக்காரர் மகன் குனிந்து, அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள் என்றான். வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். இருபதடிக் குழாய்க்கு முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் நான். சந்து திரும்பும்போது அவன் குரல் கொடுப்பான், நான் சாய்ப்பேன். மழைநாளில் கால் வழுக்கினால் திரும்பிப் பார்க்காமலே நின்றுவிடுவான், எப்படித்தான் தெரியுமோ. முதல் கடைக்குப் பூட்டு வாங்கியது அவன். வட்டிக்காரன் வந்தால் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவன்தான் பேசுவான். சொல்லச் சொல்ல ஆள் வளர்ந்துகொண்டே போனான். இடது தோளில் குழாய் பதிந்த தழும்புகூட வந்துவிட்டது அவனுக்கு. நானே இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டேன், தூசி.

லாரிக்காரர் மகன் என் தலைக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு காகிதப் பெட்டியை எடுத்து நீட்டினான். பிறகு மென்மையாகச் சொன்னான்.

"உங்க வலி எனக்குப் புரியுது சார். ஆனா இனிமே நீங்க தனியா தூக்கப் பழகிக்கணும் இல்லையா?"

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. பழகிக்கணுமாம். தனியாகத் தூக்க. எனக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து நான் வேறு என்ன செய்தேன் என்று நினைத்தான்? அரைமணி நேரம் கூட வந்தவனை ஒரே வரியில் இறக்கிவிட்டுவிட்டு, சார் என்று வேறு சொல்கிறான். இல்லாத அண்ணனுக்காக அவன் நீட்டிய பெட்டியை வாங்கித் தள்ளி வைத்தேன். அவன் அதற்கப்புறம் இருபது நிமிடம் நன்றாகவே பேசினான். நான் உம் கொட்டினேன்.

தாள் வந்தது. பேனா வந்தது. ஆம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம், இல்லை என்பதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். ஆம் பக்கம் இரண்டு லட்சம். ஒரு டிக் போட எத்தனை நொடி ஆகும்? எனக்கு வைத்த டீ ஆறிப் போய் மேலே ஆடை படிந்தது, நான் இன்னும் போடவில்லை. முப்பத்தெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கசிகிற குழாயைக் கசியாது என்று சொல்லி ஒருவனுக்கும் விற்றதில்லை. சத்தியம் தர்மம் எல்லாம் இல்லை, விற்றால் திரும்பி வந்து கத்துவார்கள். இவன் பேச்சை வாங்கப் போகிறவர்கள் திரும்பி வந்து கத்தக்கூட மாட்டார்களே, மூன்றாம் மாதம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜனங்கள். இல்லை என்பதில் போட்டேன். தாள் கிழிகிற மாதிரி போட்டேன்.

படிக்கட்டில் லாரிக்காரர் மகன் காத்திருந்தான். எங்கே தப்பு என்று சொல்லுங்கள் என்றான்.

"நல்லாத்தான் பேசினீங்க தம்பி. பேசினதுதான் தப்பு."

அவன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்த தொகுதியில் மறுபடி உட்காருவதாகச் சொன்னான். அவனுக்கு இருக்கிற பொறுமை அவன் அப்பாவுக்கு இல்லை. மாலையே போன் வந்தது. குழாய் விற்கிறவனெல்லாம் பரீட்சை வைத்தால் இப்படித்தான் என்று ஆரம்பித்து, நன்கொடை இல்லை என்பதோடு முடித்தார்.

மறுநாள் காலை மேலே போனேன். இவள் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மேஜையில் என் தாள் இருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை, இப்படிச் செய்துவிட்டீர்களே என்றும் இல்லை.

"உங்களுக்கு அண்ணன் கிடையாதே அத்தான்" என்றாள்.

"அது உனக்கெதுக்கு?"

அவள் சுருளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை எனக்குச் சாய்த்துப் போட்டாள். ஆறுதல் சொல்லாமல் இருக்கத்தானே படித்திருக்கிறாள். அந்த நாற்காலியில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கடையில் மூன்று வாடிக்கையாளர் திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. எழுந்தபோது அவள் கேட்டாள்.

"அடுத்த மாசம் பதினோரு பேருக்கு மூணாம் மாசம் வருது. போன் லைனை மட்டும் ஒரு மாசம் இங்கயே வெச்சுக்கட்டுமா? புது நம்பர் அவங்களுக்குத் தெரியாது. அதுக்குத் தனியா பணம் குடுத்துடறேன்."

"குடுப்பியா? நீயா?"

"பாத்துக் குடுத்துடறேன் அத்தான்."

பதினாறு மாதம் கேட்ட அதே பாத்துக் குடுத்துடறேன். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் பாக்கி வைத்துக்கொண்டு போன் லைனுக்குத் தனியாகப் பணம் தருகிறாளாம். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? கல்லில் நார் உரிக்கலாம், இவளிடம் கணக்குப் பேச முடியாது. காலண்டரை மாட்டு என்றேன். என்ன என்றாள். ஆணி அங்கேயேதானே இருக்கிறது, மாட்டு என்று கத்திவிட்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்று, அடுத்த மாதத்திலிருந்து வாடகை முதல் தேதியே வர வேண்டும் என்றும் கத்தினேன். சரி அத்தான் என்று மேலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

கீழே தண்டால் அளவு டேப்போடு வந்து நின்றான், எந்த மெஷினை எங்கே போடலாம் என்று பார்க்க. விஷயத்தைச் சொன்னேன். வாங்கின முன்பணத்தை நான் வாழ்க்கையில் திருப்பிக் கொடுத்ததில்லை. அவன் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினான், நம்பியதும் அவனுக்கும் கணக்கு வந்துவிட்டது. போர்டு எழுதக் கொடுத்தாயிற்று, நாலாயிரத்து ஐந்நூறு என்றான்.

"போர்டை எடுத்துட்டுப் போய் வேற எடத்துல மாட்டிக்கோயேன்."

"உங்க விலாசம் போட்டிருக்கு முதலாளி. அதோட போய் எங்க மாட்டறது, என் மாமியார் வீட்லயா?"

பூட்டுக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். முதல் தடவையாக என் கடை வாசலில் நான் பேரம் பேசி இறங்கி வருவதை அவர் பார்த்தார், பார்த்துச் சிரித்தார். மேலே ஜன்னலில் என் வீட்டுக்காரியின் தலை தெரிந்தது. அவள் எப்போது முதல் மாடிக்கு இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. மூவாயிரத்துக்குத் தண்டால் ஒத்துக்கொண்டான்.

கல்லாவைத் திறந்தேன். அவன் உள்ளங்கையை விரித்தான், இரும்பு தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. ஐந்நூறு ஐந்நூறாக வைத்தேன். நூறாவது தாளில் பூட்டுக்கடைக்காரர் என்னவோ சொன்னார், கணக்கு விட்டுவிடக் கூடாது என்று காதில் வாங்கவில்லை. நூற்று இருபத்தாறு. அறுபத்து மூவாயிரம். அவன் கையை மூடவில்லை.

"போர்டு எழுதினவனுக்கு டீக்காசு?" என்றான்.

ஒரு இருபதை எடுத்து மேலே வைத்தேன்.